20 பவுன் தங்கமும் ஒரு எலியும்

நீங்களும் பார்த்திருப்பீங்க. "புற்றுநோயை அழிக்கும் தங்கத் துகள்கள்" என்கிற மாதிரி ஒரு செய்தி, மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது நம்ம குரூப்ல வந்து விழும். நாலு பேர் ஹார்ட் போடுவாங்க. ஒருத்தர் மட்டும் "ப்ரோ, இதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா எடுக்கலாமா?"ன்னு கேப்பார். மறுநாள் எல்லாரும் மறந்திருப்போம்.

இந்தக் கட்டுரை அந்த ஒருத்தருக்காக. எடுக்கலாம் ப்ரோ, தாராளமா எடுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி மூணு கேள்வி இருக்கு. எந்த எனர்ஜி உள்ள கதிர்? எவ்வளவு துகள் கட்டிக்குள்ள போய்ச் சேர்ந்தது? கடைசியில எதை அளந்தீங்க?

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ரேடியேஷன் சிகிச்சையில் நானோ துகளுக்கு உண்மையான ஒரு இடம் இருக்கு. மனுஷங்ககிட்ட பலன் காட்டுற அளவுக்கு வந்திருக்கு. ஆனா அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவங்க, இந்த மூணு கேள்விக்கும் பொறுமையா பதில் தேடினவங்க. நம்ம காலேஜ்கள்ல நடக்கிற "நானோ" வேலையில பெரும்பகுதி இந்த மூணையும் கேக்கிறதே இல்ல. அது மாறணும்.

ரேடியேஷனுக்கு எதுக்கு உதவி?

புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் ரேடியேஷன் தேவைப்படும். 1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிச்ச கொஞ்ச காலத்திலேயே அதை வைத்துச் சிகிச்சை செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. நூறு வருஷத்துக்கும் மேல அனுபவம் உள்ள மருத்துவம் இது. இருந்தும் ஒரு அடிப்படைச் சிக்கல் தீரவே இல்ல. கதிருக்கு "இது கட்டி, இது நல்ல சதை"ன்னு தெரியாது.

தொண்டை, வாய்ப் பகுதிப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவை எடுத்துக்கோங்க. மொத்தம் 70 கிரே. அதை ஒரே நாளில் கொடுக்க முடியாது. 35 தவணையாகப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம் கொடுக்கிறாங்க. மூணாவது, நாலாவது வாரத்துல வாய்க்குள்ள புண் வந்துடும். எச்சில் சுரக்காது. ரசம் சாதம்கூட முழுங்க முடியாது. சிலருக்கு மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு. இந்தியாவில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதால், இந்த ஏழு வாரத்தைப் பக்கத்துல இருந்து பார்த்த குடும்பங்கள் நம்ம ஊர்ல நிறைய.

டாக்டர்கள் ஏன் 70-ஐ 90 ஆக்கிக் கட்டியை மொத்தமாகச் சுட்டுடக் கூடாது? முடியாது. பக்கத்துலயே தண்டுவடம் இருக்கு, எச்சில் சுரப்பி இருக்கு, தாடை எலும்பு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவுதான் தாங்கும்னு ஒரு வரம்பு. கட்டிக்கு எவ்வளவு வேணும் என்பதைவிட, பக்கத்து சதை எவ்வளவு தாங்கும் என்பதுதான் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்குது.

நானோ துகளின் வேலை இங்கதான் வருது. வெளியில இருந்து வரும் கதிரின் அளவைக் கூட்டாம, கட்டிக்குள்ள மட்டும் அதன் பாதிப்பைக் கூட்ட முடியுமா? கேள்வி இவ்வளவுதான்.

கனமான அணு என்ன செய்யும்?

நம்ம உடம்பு பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன். எல்லாம் லேசான அணுக்கள். தங்கத்தின் அணு எண் 79. ஹாஃப்னியம் 72. கடோலினியம் 64. எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒண்ணு இந்த மாதிரி கனமான அணு மேல மோதினா, அதன் எனர்ஜி முழுவதையும் அந்த அணுவே விழுங்கி ஒரு எலக்ட்ரானை வெளியே தள்ள வாய்ப்பு அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸ்ல படிச்ச ஒளிமின் விளைவுதான்.

அணு எண் ஏற ஏற இந்த வாய்ப்பு கிடுகிடுன்னு ஏறும். கதிரின் எனர்ஜி ஏற ஏற அதே வேகத்துல விழும். இந்த ரெண்டாவது வரியை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜி அருகில், ஒரு கிராம் தங்கம் உறிஞ்சுவது ஒரு கிராம் தசை உறிஞ்சுவதைவிட 100 மடங்குக்கும் மேல். எலக்ட்ரான் வெளியே போனதும் அந்த அணுவுக்குள் உள் சுற்றுப்பாதையில ஒரு காலி இடம் வருது. மேல இருக்கிற எலக்ட்ரான் அதை நிரப்ப இறங்கும். மிச்ச எனர்ஜியில ஓஜே எலக்ட்ரான்கள் என்ற சின்னச் சின்ன எலக்ட்ரான்கள் கொத்தாகத் தெறிக்கும். இதுல பெரும்பாலானவை ரொம்ப தூரம் போகாது. நானோமீட்டர் கணக்கில்தான் பயணம். ஆனா போற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள எனர்ஜியை மொத்தமாகக் கொட்டிடும். டிஎன்ஏவின் அகலம் 2 நானோமீட்டர். துகள் பக்கத்துல இருந்தா டிஎன்ஏ உடையும். தள்ளி இருந்தா அந்த எலக்ட்ரான் சும்மா வீணாப் போகும்.

தத்துவம் அழகா இருக்கா? இருக்கு. இப்ப எலிக்கு வருவோம்.

2004-ல் பிழைத்த சுண்டெலிகள்

இந்தத் துறையில எல்லாரும் சுட்டுற ஒரு ஆய்வு 2004-ல் வந்தது. ஹைன்ஃபெல்ட், ஸ்லாட்கின், ஸ்மிலோவிட்ஸ் என்ற மூவர் அமெரிக்காவில் செய்தது. மார்பகக் கட்டி வளர்த்த சுண்டெலிகளுக்கு 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை ரத்தத்தில் ஏற்றி, உடனே 250 கிலோவோல்ட் எக்ஸ் கதிர் கொடுத்தாங்க. கதிர் மட்டும் வாங்கிய எலிகளில் ஒரு வருஷம் தாண்டியவை 20 சதவீதம். தங்கமும் கதிரும் சேர்த்து வாங்கியவற்றில் 86 சதவீதம்.

20 எங்கே, 86 எங்கே! உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் தங்கம் பக்கம் ஓடியதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா அதே ஆய்வில் மூணாவது ஒரு எண் இருக்கு, அதை யாரும் ஷேர் பண்றதில்ல. கதிர் இல்லாம தங்கம் மட்டும் வாங்கிய எலிகளில் ஒரு வருஷம் தாண்டியவை 0 சதவீதம். பூஜ்யம். அதாவது தங்கம் மருந்தே கிடையாது. கதிர் வந்தாத்தான் அதுக்கு வேலை. "தங்க பஸ்பத்துலயே நானோ இருக்கு, ரேடியேஷனுக்குப் பதிலா அதைச் சாப்பிடலாம்"னு உங்க சொந்தக்காரர் யாராவது சொன்னா, இந்தப் பூஜ்யத்தை அவங்களுக்குச் சொல்லுங்க. சிகிச்சையைத் தள்ளிப் போட்டவங்களோட கட்டி, அவங்களுக்காகக் காத்திருக்காது.

சரி, 86 சதவீதம் பிழைச்ச ஆய்வு வந்து இருபது வருஷம் தாண்டியாச்சு. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஏன் இன்னும் தங்கம் ஏத்தல? மூணு கேள்வியையும் ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்க.

முதல் கேள்வி: எந்த எனர்ஜி?

எலியின் காலில் இருக்கிற கட்டி தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழதான். 250 கிலோவோல்ட் கதிர் அதுக்குப் போதும். மனுஷர் வயித்துல 10 சென்டிமீட்டர் ஆழத்துல இருக்கிற கட்டிக்கு அதே கதிரைக் கொடுத்தா, உள்ள போறதுக்குள்ள தோல் வெந்துடும். அதனாலதான் ஆஸ்பத்திரிகளில் லினாக் மெஷின். பெரும்பாலும் 6 மெகாவோல்ட். அதுல வர ஃபோட்டான்களின் சராசரி எனர்ஜி 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். நம்ம பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கின பாபாட்ரான் மாதிரி கோபால்ட் மெஷின் என்றாலும் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

இந்த எனர்ஜியில ஒளிமின் விளைவு கிட்டத்தட்ட படுத்துடும். காம்ப்டன் சிதறல்தான் ஆட்சி. காம்ப்டனுக்குத் தங்கமா, தசையா என்ற வித்தியாசம் பெருசா தெரியாது. 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்ல ஒரு கிராம் தங்கமும் ஒரு கிராம் தண்ணியும் உறிஞ்சுறது ஏறக்குறைய சமம்.

2005-ல் சாங் ஹியூன் சோ மான்டி கார்லோ முறையில இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிராம் கட்டியில் 7 மில்லிகிராம் தங்கம் இருக்குன்னு வச்சுக்கோங்க. எலி ஆய்வில் எட்டிய அளவு அதுதான். 140 கிலோவோல்ட் கதிர் என்றால் கட்டி வாங்கும் அளவு குறைந்தது இரண்டு மடங்கு. 4, 6 மெகாவோல்ட் கதிர் என்றால், தங்கத்தை 7-ல் இருந்து 30 மில்லிகிராம் வரை ஏற்றினாலும் கூடுவது 1 முதல் 7 சதவீதம். அதே தங்கம், அதே கட்டி. மெஷின் மாறினதும் கதை மாறிடுச்சு.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

அந்த எலிகளுக்குக் கொடுத்த தங்கம், ஒரு கிலோ உடல் எடைக்கு 2.7 கிராம் வரை. 60 கிலோ எடை உள்ள ஒருத்தருக்கு இதே கணக்கைப் போடுங்க. 162 கிராம். பவுன் கணக்கில் 20 பவுனுக்குக் கொஞ்சம் மேல. ஒரு கல்யாணத்துக்குச் சேர்க்கிற நகையை ரத்தத்துல கரைச்சு ஏத்தணும்! விலையை விடுங்க. அவ்வளவு உலோகத்தைக் கல்லீரலும் கிட்னியும் என்ன செய்யும்?

கட்டியில் வளரும் ரத்தக் குழாய்களில் ஓட்டை அதிகம், அதனால துகள்கள் அங்க தானா கசிஞ்சு சேரும் என்பது 1986-ல் மட்சுமுராவும் மயேடாவும் ஜப்பானில் சொன்ன கருத்து. நானோ மருத்துவத்தின் பாதி நம்பிக்கை இது மேலதான் நிக்குது. ஆனா 2016-ல் டொரான்டோ பல்கலைக்கழகக் குழு, முந்தைய பத்து வருஷ ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்துச்சு. ஊசி மூலம் ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூறு துகள் அனுப்பினா ஒண்ணுகூட முழுசா போய்ச் சேரல. மிச்சத்துல பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரலில் போய் உட்காருது.

பிபிடியில நாம போடுற படத்துல மட்டும் எல்லா உருண்டையும் நேராகக் கட்டிக்கே போகும்.

மூன்றாம் கேள்வி: எதை அளந்தீங்க?

தட்டில் வளர்த்த செல் செத்தா ஒரு ரிசல்ட். எலி பிழைச்சா ஒரு ரிசல்ட். மனுஷரின் கட்டி சுருங்கினா ஒரு ரிசல்ட். அந்த மனுஷர் அதிக நாள் வாழ்ந்தா, அதுவும் வாய்ப்புண் இல்லாம சாப்பிட்டுக்கிட்டு வாழ்ந்தா, அது வேற ரிசல்ட். முதல் படியில நின்னுக்கிட்டு நாலாவது படியைப் பேசுறதுதான் நம்ம செய்திகளின் பழக்கம்.

அழகு குறைந்த தீர்வு ஜெயித்த கதை

மூணு கேள்வியும் கேட்டாச்சு, நானோ அவ்வளவுதானா? இல்ல. இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது.

பாரிஸைச் சேர்ந்த நானோபயோடிக்ஸ் என்ற நிறுவனம் தங்கத்தை விட்டுட்டு ஹாஃப்னியம் ஆக்சைடை எடுத்தது. துகளின் அளவு சுமார் 50 நானோமீட்டர். ரத்தத்தில் ஏற்றவே இல்ல. நேரா கட்டிக்குள்ள ஊசி போட்டாங்க. கட்டியின் கன அளவில் 10 சதவீதம் அளவுக்கு, லிட்டருக்கு 53.3 கிராம் செறிவில், ஒரே ஒரு தடவை. கணக்குப் போட்டா ஒரு மில்லிலிட்டர் கட்டிக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம். எலிக்கட்டியில 20 பவுன் கணக்கில் தங்கம் ஏத்தி எட்டிய செறிவுக்குப் பக்கத்துல, சில கிராமிலேயே வந்துட்டாங்க. இரண்டாம் கேள்வியை ஒரு ஊசியால தீர்த்துட்டாங்க.

முதல்ல எந்த நோய்க்குச் சோதிக்கணும் என்பதிலும் யோசிச்சிருக்காங்க. கை, கால், உடல் சுவரில் வரும் மென்திசு சார்கோமா. இதுக்கு வழக்கமா ரேடியேஷன் கொடுத்த பிறகு கட்டியை அறுவை செய்து எடுத்துடுவாங்க. வெட்டி எடுத்த கட்டியைப் பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்புல பார்த்து எவ்வளவு செல் உயிரோட இருக்குன்னு நேரடியா எண்ணலாம். துகள்ல பெரும்பகுதியும் கட்டியோட சேர்ந்து வெளிய போயிடும்.

180 நோயாளிகளைக் குலுக்கல் முறையில இரண்டாகப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு ரேடியேஷன் மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஊசியும் ரேடியேஷனும். முடிவு 2019-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்தது. வெட்டி எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுசெல் 5 சதவீதத்துக்கும் கீழே போனவர்கள்: ரேடியேஷன் மட்டும் பெற்ற 89 பேரில் 7 பேர், அதாவது 8 சதவீதம். துகளும் சேர்த்துப் பெற்ற 87 பேரில் 14 பேர், 16 சதவீதம். இரண்டு மடங்கு. விளிம்பில் புற்றுசெல் எதுவும் மிச்சமில்லாம கட்டியைச் சுத்தமா எடுக்க முடிஞ்சவங்களும் 64-ல் இருந்து 77 சதவீதமாகக் கூடினாங்க. சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, ரத்த அழுத்தம் இறங்கியது போன்ற பிரச்சினைகள் இருந்தன. அதே வருஷம் ஐரோப்பாவில் இதுக்கு அனுமதியும் கிடைச்சது.

20-ல் இருந்து 86 எங்கே, 8-ல் இருந்து 16 எங்கே? தலைப்புச் செய்திக்கு இது ஆகாது. நியாயமா பார்த்தா இன்னொண்ணும் சொல்லணும். இங்க அளந்தது கட்டியின் செல்லைத்தான், ஆயுளை இல்ல. ஆனா இது மனுஷங்ககிட்ட, குலுக்கல் முறையில, ஒப்பிட்டுப் பார்த்து வந்த எண். என் கணக்குல நூறு எலி ரிசல்ட்டுக்கு இந்த 16 சமம்.

இன்னொரு குழு வேற பாதையில போச்சு. பிரான்ஸின் க்ரெனோபிளில், மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேருக்குக் கடோலினியம் துகளை ரத்தத்தில் ஏற்றி, மூளை முழுக்க ரேடியேஷன் கொடுத்தாங்க. முதல் கட்டச் சோதனை. கிலோவுக்கு 15 மில்லிகிராமில் ஆரம்பிச்சு 100 மில்லிகிராம் வரை படிப்படியா ஏத்தினாங்க. துகள் ரொம்பச் சின்னது, அதனால கிட்னி வழியா வெளிய போயிடும். கடோலினியம் எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரியும். துகள் கட்டிக்குப் போச்சா இல்லையான்னு ஊகிக்க வேண்டாம், படம் எடுத்தே பார்த்துடலாம். இரண்டாம் கேள்விக்கு இதுவும் ஒரு நேர்மையான பதில்.

"முதல் கேள்வி என்னாச்சு? மெகாவோல்ட்ல வேலை செய்யாதுன்னு சொன்னீங்களே?"ன்னு நீங்க கேக்கணும். கேட்டா நீங்க உண்மையிலேயே படிக்கிறீங்க! ஆமா, இந்தச் சோதனைகள் ஆஸ்பத்திரி மெஷின்லதான் நடந்துச்சு. கணக்கு சொல்றதைவிட அதிகமா பலன் தெரியுது. செல் ஆய்வுகளிலும் இதே முரண் திரும்பத் திரும்ப வந்திருக்கு. ஒரு காரணம், கதிர் உடம்புக்குள்ள சிதறிச் சிதறிக் குறைஞ்ச எனர்ஜி ஃபோட்டான்களும் எலக்ட்ரான்களும் உருவாகுறது. இன்னொண்ணு, சராசரி டோஸ் கொஞ்சம்தான் கூடினாலும் துகளை ஒட்டின சில நானோமீட்டருக்குள்ள அது பல மடங்கா இருக்கலாம் என்பது. மூணாவது, துகளின் மேற்பரப்பில் நடக்கும் வேதிவினை செல்லைப் பலவீனமாக்கலாம் என்பது. எதுக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் முடியல. ஒரு இன்ஜினியரிங் மாணவருக்கு இதைவிட நல்ல செய்தி வேணுமா? கேள்வி இன்னும் திறந்தே இருக்கு.

இப்ப நம்ம கதை

நம்ம காலேஜ்கள்ல நானோ ப்ராஜெக்ட்னா என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். வேப்பிலை, துளசி, முருங்கை, ஏதோ ஒரு இலையைக் கொதிக்க வச்சு, வெள்ளி நைட்ரேட்ல ஊத்தி, நிறம் மாறினதும் ஃபோட்டோ. யூவி பீக், எஸ்இஎம் படம், புனேயில இருந்து வாங்கின செல்லுல எம்டிடி டெஸ்ட். கடைசி ஸ்லைடில் "புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படலாம்". கைடும் சந்தோஷம், நாமளும் சந்தோஷம். அடுத்த பேட்ச் வேற இலை.

அந்த வேலையில கத்துக்கிறது எதுவுமே இல்லன்னு சொல்லல. லேப்ல கை பழகுது, கருவி பழகுது. ஆனா அந்தக் கடைசி ஸ்லைடுக்கு நம்மகிட்ட உரிமை இல்ல. கதிரே கொடுக்காம, நல்ல செல்லோட ஒப்பிடாம, தட்டுல செல் செத்ததை மட்டும் வச்சு அந்த வார்த்தையைப் போடக் கூடாது. தட்டுல புற்றுசெல்லைக் கொல்றது பெரிய விஷயமே இல்ல, ப்ளீச்சிங் பவுடர்கூடக் கொல்லும். பக்கத்துல இருக்கிற நல்ல செல்லை விட்டுட்டு அதை மட்டும் கொல்றதுதான் விஷயம். "புற்றுநோய்" என்ற வார்த்தையை ஏழு வாரம் சாப்பிட முடியாம கிடக்கிற ஒருத்தரும் படிப்பார். ஸ்லைடு நமக்கு மார்க்கு. அவருக்கு அது நம்பிக்கை.

"யூஜி பசங்க வேற என்னதான் செய்ய முடியும்? லினாக் நம்ம கையில இல்லையே?"ன்னு கேப்பீங்க. நியாயம். ஆனா லினாக் இல்லாமலே செய்ய நிறைய இருக்கு.

சிஎஸ்ஈ, இசிஈ பசங்களா நீங்க? சேர்னில் தொடங்கிய ஜியான்ட்4 என்ற மென்பொருள் இலவசம். அதோட ஜியான்ட்4-டிஎன்ஏ என்ற நீட்சியும் இலவசம். ஒரு தங்கத் துகளைத் தண்ணிக்குள்ள வச்சு, எனர்ஜியை மாத்தி மாத்தி, எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போகுதுன்னு நம்ம லேப்டாப்லயே ஓட்டிப் பார்க்கலாம். ராத்திரி பூரா ஃபேன் கத்தும், அவ்வளவுதான். 6 மெகாவோல்ட்ல பலன் குறையுதுன்னு நான் சொன்னதை நீங்களே சரிபார்க்கலாம்.

கெமிக்கல், பயோடெக் பசங்களா? துகளை வெறும் தண்ணியில வச்சுப் பார்க்காம, புரதம் கலந்த சீரத்துல ஒரு வாரம் வச்சுப் பாருங்க. ரத்தத்துக்குள்ள போன உடனே துகள் மேல புரதம் ஒட்டிக்கும். சில துகள் கட்டி கட்டியா சேர்ந்து படிஞ்சிடும். தண்ணியில அழகா நின்ன சிவப்புக் கரைசல் சீரத்துல நிக்கலன்னா, அந்தத் துகளோட கதை அங்கேயே முடிஞ்சுது. அந்தத் தோல்வியையும் ரிப்போர்ட்ல எழுதுங்க.

மெக்கானிக்கல் பசங்களா? கட்டிக்குள்ள ஊசி போட்டா துகள் சீரா பரவுதா, ஒரே இடத்துல தேங்குதா? ஜெல்லுல ஒரு மாதிரி செஞ்சு சோதிக்கலாம். நேரடி ஊசி முறையோட பெரிய சவால்களில் இதுவும் ஒண்ணு.

யாரா இருந்தாலும், பக்கத்துல ரேடியேஷன் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில மெடிக்கல் பிசிசிஸ்ட் ஒருத்தர் இருப்பார். கைடு மூலமா அவரை ஒரு தடவை போய்ப் பாருங்க. "உங்க மெஷின் எந்த எனர்ஜி? இங்க எந்தக் கட்டி அதிகம்?" இந்த ரெண்டைக் கேட்டுட்டு வந்தாலே உங்க ப்ராஜெக்ட்டோட தலைப்பு மாறிடும்.

மெஷினே இல்லாத ஊருக்கு நானோ எதுக்கு?

எனக்கு எதிரா வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒண்ணு இருக்கு. பத்து லட்சம் பேருக்கு ஒரு ரேடியேஷன் மெஷினாவது வேணும். இந்தியாவில் அதுகூட இல்ல. 2022 மதிப்பீட்டின்படி ஒரு வருஷத்துல நம்ம நாட்டுல 14 லட்சம் பேருக்குப் புதுசா புற்றுநோய் வருது, 9 லட்சம் பேர் இறக்கிறாங்க. மெஷினுக்கே க்யூவுல நிக்கிற நாட்டுல, ஹாஃப்னியம் ஊசி ஒரு ஆடம்பரம் இல்லையா?

பாதி ஒத்துக்கிறேன். ஒரு அரசாங்கத்துகிட்ட காசு இருந்து, மெஷினா துகளா என்று கேட்டா, யோசிக்காம மெஷின்னுதான் சொல்வேன். நானோ அதுக்கு மாற்றே கிடையாது. கதிர் இல்லாத தங்கத்தின் கதைதான் பூஜ்யம்னு பார்த்தோமே.

மீதிப் பாதியை ஒத்துக்க மாட்டேன். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷனோட சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்துக் கொடுத்தா பலன் கூடும். ஆனா கிட்னி சரியில்லாத, இதயம் பலவீனமான, வயசான பல பேரால அந்த மருந்தைத் தாங்க முடியாது. ஹாஃப்னியம் துகளின் மூன்றாம் கட்டச் சோதனை சரியா இவங்களைத்தான் எடுத்திருக்கு: சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாத, வயதான, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள். அப்படிப்பட்ட தாத்தாக்கள் நம்ம ஊர்ல இல்லையா? வெத்தலை, புகையிலை போட்டே வளர்ந்த ஒரு தலைமுறை இங்க இருக்கு. கட்டி வாய்க்குள்ள இருந்தா ஊசி போடக் கைக்கு எட்டும் இடம். இது பணக்கார நாட்டு நோய் இல்ல, நம்ம நோய். அதுக்கான தீர்வு வேற நாட்டில் முடிஞ்சு, வேற நாட்டு விலையில நமக்கு வந்து சேரும்வரை நாம இலையைக் கொதிக்க வச்சுக்கிட்டு இருக்கணுமா?

இன்னொரு வாசலும் இருக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் மூலத்தைக் கட்டிக்குப் பக்கத்துலேயே வைக்கும் ப்ராக்கிதெரபி வழக்கமான சிகிச்சை. அதுல பயன்படும் இரிடியம்-192 கதிரின் சராசரி எனர்ஜி 380 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். வேறு சில கட்டிகளுக்கு வைக்கும் அயோடின்-125 விதைகளில் அது 28 தான். கனமான அணுக்களுக்குப் பிடிச்ச பக்கம் அதுதானே? முதல் கேள்விக்கு இங்க பதில் தேடலாம். இதுவும் கணினியிலேயே ஆரம்பிக்கக்கூடிய ப்ராஜெக்ட்தான்.

அடுத்த ஜீரோத் ரிவியூ வருது. யாராவது "நானோ", "கேன்சர்" ரெண்டையும் ஒரே தலைப்புல போட்டுக்கிட்டு வந்தா, கிண்டல் பண்ணாதீங்க, சும்மா கைதட்டியும் அனுப்பாதீங்க. பின் பெஞ்சில் இருந்து கை தூக்கிக் கேளுங்க. எந்த எனர்ஜி? எவ்வளவு போய்ச் சேர்ந்துச்சு? எதை அளந்தீங்க? பதில் இல்லன்னா, ரிவியூ முடிஞ்சதும் அவங்க பக்கத்துல உட்கார்ந்து பதிலைத் தேட உதவுங்க. அந்த டீம்ல நீங்களே இருந்தா இன்னும் நல்லது.